பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலில் கோட்டை விடாதீர்கள்

நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினான் அந்த மாணவன். கட்-ஆஃப் 178. தாளில் ஐந்தே கல்லூரிகள். முதலில் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு சுமாரான கல்லூரி, கடைசியில் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி.

"ஏம்ப்பா, ஜி.சி.டி. கடைசியில இருக்கு?"

"அது எப்படியும் கிடைக்காது சார். அதை முதல்ல போட்டா, கிடைக்கிறதும் போயிடும்னு மாமா சொன்னாங்க."

பிளஸ் டூ கணக்கு வாத்தியாராக இருப்பதால் ஒவ்வொரு ஜூலையிலும் இந்த மாமாவை ஏதாவது ஒரு உருவத்தில் சந்தித்துவிடுகிறேன். சில சமயம் சித்தப்பா, சில சமயம் பிரவுசிங் சென்டர் அண்ணன். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2018-க்கு முன்பு கலந்தாய்வு என்றால் சென்னைக்குப் பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து, திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்து, ஒன்றைச் சொல்லிவிட்டு ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு ஊர் திரும்புவது. இருப்பதைப் பார்த்து ஒரே ஒரு முறை கேட்கலாம், அவ்வளவுதான். 2018-இல் அது ஆன்லைனுக்குப் போனது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஆலோசனை மட்டும் இன்னும் அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நடப்பது இதுதான். கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று சேர்த்து 200-க்குக் கட்-ஆஃப். கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92 + 42 + 44, அதாவது 178. தரவரிசைப்படி உங்கள் முறை வந்ததும் கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து படிக்கும். முதல் வரியில் இருப்பதில் உங்களுக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டாவது வரி. அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. இடம் இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும், அதற்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்காது. ஆக, கிடைக்காததை மேலே எழுதினால் நயா பைசா நஷ்டமில்லை. சுமாரானதை மேலே எழுதினால்தான் ஆபத்து. 'கேட்டதுதானே, வைத்துக்கொள்' என்று கொடுத்துவிடும்.

பட்டியலை ஆசைப்படி வரிசைப்படுத்துங்கள், பயப்படும் அளவுக்கு நீளமாக்குங்கள் என்று வகுப்பில் சொல்வேன். எத்தனை வரி எழுதலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. ஆனாலும் ஐந்தாறோடு நிறுத்திக்கொண்டு, எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போய் நிற்கிறவர்கள் உண்டு. அங்கே நல்ல இடங்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். முந்தைய ஆண்டு கட்-ஆஃப் விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதில் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கான பத்தியைப் பாருங்கள், பொதுப் பிரிவைப் பார்த்துப் பதறாதீர்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கு மேலே கொஞ்சம், கீழே நிறைய என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது போன வருடக் கணக்கு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு வரி. கல்லூரி பெயரைத் தேர்ந்தெடுத்தாலே எல்லாப் பிரிவும் அடங்கிவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. பிரிவா, கல்லூரியா என்று கேட்டால் என் கட்சி கல்லூரி. எந்தக் கல்லூரியானாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று அலைவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதிப் பேர்கூடத் தேறாத இடத்தில் ஏ.ஐ. என்று பலகை மாட்டினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது? இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் பருவத்தேர்வுவாரியாக வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலை வைத்து எடைபோட முடியாது. அங்கே படிக்கும் சீனியர் யாரையாவது பிடித்துப் பேசுவதுதான் வழி.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டில் இருப்பது பி.எஸ்.ஜி. காலேஜ் ஆஃப் டெக்னாலஜி. நீலாம்பூரில் இருப்பது பி.எஸ்.ஜி. ஐடெக். ஒரே அறக்கட்டளை, வெவ்வேறு கல்லூரிகள், வெவ்வேறு கோடு எண்கள். முன்னதிலேயே சில பிரிவுகள் அரசு உதவியோடும், அதே பிரிவுகள் எஸ்.எஸ். என்ற குறியோடு சுயநிதியிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் வேறு. பெயரைப் பார்த்துச் சொடுக்காமல் கோடு எண்ணைத் தாளில் எழுதிவைத்துச் சரிபாருங்கள்.

பட்டியலைப் பதிய மூன்று நாள். அப்புறம் தற்காலிக ஒதுக்கீடு வரும். அதை உறுதிசெய்ய இரண்டு நாள். இந்த இரண்டு நாளில்தான் வீட்டில் கொண்டாட்டம், கோயில், கேக். உறுதிசெய்ய மறந்தால் கையில் வந்த இடம் கைவிட்டுப் போய்விடும். 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' என்றால் இதுவே போதும் என்று பொருள். 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்' என்றால் இது இருக்கட்டும், பட்டியலில் இதற்கு மேலே ஏதாவது காலியானால் கொடுங்கள் என்று பொருள். 'டிக்லைன் அண்ட் அப்வேர்ட்' என்றால் இது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் வருகிறேன். கடைசியில் சொன்னது துணிச்சல்காரர்களுக்கு, நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாவதில்தான் கண்ணி இருக்கிறது. ஒரு மாணவி தோழி எழுதினாள் என்பதற்காகச் சென்னைக் கல்லூரி ஒன்றை மேலே எழுதியிருந்தாள். முதலில் கிடைத்தது வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரி, அவளுக்கு ரொம்பப் பிடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அப்வேர்ட் கொடுத்தாள். சென்னை காலியானது, தானாகவே அவளுக்கு மாறியது, பழைய இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அப்பா ஹாஸ்டல் கட்டணத்தைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. பட்டியல் பூட்டப்படும் முன் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, 'கீழே இருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்குப் போவேனா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்த வரியைக் கீழே இறக்குங்கள்.

விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஒதுக்கும் ரேண்டம் நம்பர் வெளியாகும் நாளில் எனக்கு வரும் போன்களுக்குக் கணக்கில்லை. "சார், எட்டுல ஆரம்பிக்குது, நல்லதா?" ஒரே கட்-ஆஃப் உள்ள இருவருக்குக் கணக்கு, இயற்பியல், மொத்த மதிப்பெண், பிறந்த தேதி வரை எல்லாம் பார்த்தும் சமமாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு வேலை. தூங்கப் போங்கள்.

சான்றிதழ் விஷயம் அப்படியல்ல. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு மேஜையாக நகரும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் பொதுத்தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள். அதை வைத்துக் கிடைக்கும் கட்டணச் சலுகை அரசின் இந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்கிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கும் கிடையாது. அட்மிஷன் ஏஜென்ட்டுகள் இதைச் சொல்லமாட்டார்கள். 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. இது தெரியாமல் கடைசி நாளில் முகம் வாடிப்போகும் பிள்ளைகளைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரைப் போட்டுவிட்டு, பட்டியல் பூட்டப்படும் மாலையில் கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போன கதை எங்கள் ஊரில் நடந்தது. பாஸ்வேர்டு உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். சொந்தக் கணினி இல்லையென்றால் மாவட்டந்தோறும் அரசு உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கேயே உட்கார்ந்து பதியலாம். சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-க்குப் போன் செய்யலாம். நான் முதல்வன் திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சியில் கொடுத்த கையேட்டைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, பட்டியல் போட்டுக்கொடுக்க ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆலோசகரிடம் போகிறவர்களை என்னவென்று சொல்வது?

மடித்த தாளுக்கு வருகிறேன். அன்று மாலை லேபில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மாற்றி எழுதினோம். நாற்பத்தாறு வரிகள் வந்தன, ஜி.சி.டி. முதல் வரிக்குப் போனது. ஒதுக்கீடு வந்தபோது ஜி.சி.டி. கிடைக்கவில்லை, பதினோராவது வரி கிடைத்தது. மாமா முதலில் எழுதச் சொன்ன கல்லூரி முப்பத்தெட்டாவது வரியில் இருந்தது.