பாட்டு எடுக்க எந்த சாஃப்ட்வேர்? முதலில் உங்கள் போனைத் திறந்து பாருங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் வீட்டிலேயே பாட்டு எடுக்க ஆரம்பிக்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எஃப்.எல். ஸ்டுடியோ போடவா, ரீப்பர் போடவா?" என்பதுதான். பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் போனில் இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டரைத் திறக்கச் சொல்வேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

முதல் வேலை இதுதான். ஒரு வாரம் எந்த சாஃப்ட்வேரும் இறக்க வேண்டாம், மனதில் மெட்டு வரும்போதெல்லாம் போனில் பதிந்து வையுங்கள். வார முடிவில் உட்கார்ந்து கேளுங்கள். வாயால் முணுமுணுத்தது அதிகமா, மேசையில் தட்டிய தாளம் அதிகமா, கீபோர்டில் வாசித்துப் பார்த்தது அதிகமா, அல்லது நடவுப் பாட்டு, கோயில் மேளம் என்று பிறர் பாடியதும் வாசித்ததும் அதிகமா? பாட்டு உங்களுக்கு எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியில் தடை போடாத சாஃப்ட்வேர்தான் வேண்டும். மற்ற வசதிகளை அப்புறம் பார்க்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நாகஸ்வரக்காரரால். பக்கத்து ஊர்க்காரர், வயதில் பெரியவர், ஒரு மாலை வீட்டுக்கே வந்து வாசிக்கிறேன் என்றார். அப்போது என்னிடம் இருந்தது தாளத் துண்டுகளை அடுக்கி பாட்டு கட்டுகிற வகை சாஃப்ட்வேர். அதில் ஒரு மைக்கை டிராக்கில் (ஒரு ஒலி பதிவாகும் தனி வரிசையில்) இணைத்து ரெக்கார்டுக்குத் தயார் செய்ய நான் மெனு மெனுவாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் திருவாவடுதுறைச் சீவாளியை, அதாவது நாகஸ்வரத்தின் வாயில் செருகுகிற நாணல் துண்டை, வாயில் வைத்து நனைத்து, இரண்டு கட்டை சுருதியில் மெல்ல ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, சீவாளி காயுது" என்று இரண்டு முறை சொன்னார். அந்தக் காத்திருப்பில் சும்மா ஊதிய தோடி ஆலாபனைதான் அன்றைக்கு வந்ததிலேயே நல்லது, அது பதிவாகவில்லை. அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேரைப் பார்த்தாலும், திறந்ததிலிருந்து ரெக்கார்டு ஓட எத்தனை நொடி ஆகிறது என்பதைத்தான் முதலில் எண்ணுகிறேன்.

சரி, இப்போது வகைக்கு வருவோம்.

குரல், நாகஸ்வரம், தவில், வீணை என்று நேரடியாக எடுப்பவர் என்றால் ரீப்பரில் தொடங்குங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பையும் திணறடிக்காது. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். எனக்கு இதில் பிடித்தது தாள விஷயம். எல்லா சாஃப்ட்வேரும் நாலு எண்ணிக்கையில்தான் திறக்கும், ஆதி தாளத்துக்கு அது சரி. மிஸ்ர சாபுக்கு ஏழு, கண்ட சாபுக்கு ஐந்து என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஆனால் நாற்று நடுகிற அக்காமார் பாடும்போது டக் டக்கென்று தாளம் எண்ணிக்கொடுக்கும் மெட்ரோனோம் கிடையாது, குனிந்து நிமிர்கிற மூச்சுதான் தாளம். ரீப்பரில் அதை அப்படியே பதிந்துவிட்டு, அவர்கள் போன வேகத்துக்கு ஏற்ப டெம்போ (வேக) குறிகளைப் பின்னால் போடலாம். அதற்கு மேல் தவில் சேர்த்தாலும் பாட்டு கெடாது.

பீட்டிலிருந்து பாட்டு பிறக்கிறவருக்கு எஃப்.எல். ஸ்டுடியோ. பெல்ஜியத்தில் பிறந்தது, ஒரு முறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப் பதிப்பு இலவசம். கட்டங்களில் கிக், ஸ்னேர் என்கிற டிரம் ஒலிகளை வைத்து ஐந்து நிமிடத்தில் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப வரும் தாளத் துண்டு, ஓடவிடலாம். ஸ்வரங்களைக் கட்டம் கட்டமாக வரைகிற பியானோ ரோலும் கைக்கு இதமாக இருக்கும். ஒன்று கவனியுங்கள்: இலவச சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், ஆனால் மூடிவிட்டு மறுபடி திறக்க விலைக்கு வாங்கியாக வேண்டும். வாங்கும்போது எந்தப் பதிப்பில் குரல் பதிவு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

துண்டு துண்டாக வாசித்து, மேடையில் போலக் கலைத்து அடுக்கிப் பார்ப்பவருக்கு ஏபிள்டன் லைவ். பல மிடி கீபோர்டுகளோடு (எந்த ஸ்வரத்தை அழுத்தினோம் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கீபோர்டுகள்) அதன் லைட் பதிப்பு கூடவே வரும். மேக்கோ ஐபோனோ வைத்திருப்பவர் வேறெங்கும் போக வேண்டாம், கராஜ்பேண்ட் இலவசம், அதில் செய்ததை நாளைக்கு ஆப்பிளின் பெரிய சாஃப்ட்வேரான லாஜிக் புரோவில் திறக்கலாம். போன் மட்டும் இருந்தால் பேண்ட்லேப் ஆப். ஆடாசிட்டி வெட்டி ஒட்ட நல்லது, ஆனால் மிடி கீபோர்டு வாசித்து அதில் பதிய முடியாது.

இதில் இரண்டை மட்டும் எடுங்கள், இரண்டிலும் அதே பாட்டை, ஒரு நிமிட அளவுக்கு, செய்யுங்கள். தம்புரா சுருதி ஒரு டிராக், தாளம் ஒன்று, உங்கள் குரல் ஒன்று. குரல் எடுக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், மோட்டார் கொட்டகைப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். நாகஸ்வரம் என்றால் மைக்கை ஐந்தாறு அடி தள்ளி, அணசுக்கு (குழலின் விரிந்த முனைக்கு) நேரே இல்லாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

ஹெட்போனில் உங்கள் குரல் தாமதமாகக் கேட்டால் சாஃப்ட்வேரைத் திட்ட வேண்டாம், பஃபரைப் பாருங்கள், அதாவது கணினி ஒலியை எத்தனை துணுக்காகச் சேர்த்து வைத்து அனுப்புகிறது என்ற அளவை. 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 துணுக்கு) பஃபர் 1024 என்றால் அது மட்டுமே சுமார் 21 மில்லிநொடி தாமதம், 128 என்றால் 2.7 மில்லிநொடி. பாடும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. விண்டோஸில் ஒலியைத் தாமதமில்லாமல் கொண்டுபோகிற ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் போட்ட பிறகுதான் இது ஒழுங்காக வேலை செய்யும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். ஒரு கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை), சொல்லப்போனால் மேலும் கீழும் அசைகிற காந்தாரத்தை (க ஸ்வரத்தை), கீபோர்டில் வாசித்து சுருதி வளைவைத் திருத்திப் பாருங்கள். எந்த சாஃப்ட்வேரில் அந்த வளைவை வரைய உங்களுக்குச் சலிப்பு வரவில்லையோ அதற்கு இரண்டு மதிப்பெண் கூடுதல். குரலைத் தானாகச் சுருதி சேர்க்கும் கருவியை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், அது கமகத்தைத் தட்டையாக்கிவிடும்.

தேர்ந்தெடுத்தாயிற்றா? மற்றதை அன்றே நீக்கிவிட்டு, தானாகச் சேமிக்கும் நேரத்தை இரண்டு நிமிடமாக வையுங்கள், நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. 24 பிட், 44,100 ஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் (ஒரு மைக்கின் பதிவு) நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 8 எம்.பி. எடுக்கும். எட்டு மைக்கில் ஒரு மணி நேரம் மேளம் எடுத்தால் நாலு ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு, அதனால் எடுக்கப் போகிற நாளுக்கு முந்தின நாளே டிஸ்கில் இடம் பார்த்துவிடுங்கள்.