கோத்தகிரி வட்டத்தில் ஊழல் குறித்துக் கருத்தாய்வு நடத்துவது எப்படி?

அரசு அலுவலகங்களில் நிலவும் ஊழலைப் பற்றி நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரி வட்டத்து மக்களும் ஊழியர்களும் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்பும் மாணவர்கள், ஒருவர் நம்புவதையும் அவருக்கு நேர்ந்ததையும் முதலில் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். ‘பணம் கொடுக்காமல் ஒரு காகிதமும் நகராது’ என்று அடித்துச் சொல்பவரே கடந்த ஓராண்டில் அலுவலகப் படியை மிதிக்காதவராக இருக்கக்கூடும். ஊழலை எதிர்க்கும் பன்னாட்டு அமைப்பான ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிட்டுவரும் ஊழல் குறியீடும் வல்லுநர்கள், தொழில்துறையினர் ஆகியோரின் மதிப்பீடுகளைத் தொகுப்பதே; மனுவோடு வரிசையில் நின்றவரை அது கேட்பதில்லை. எனவே, ‘பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ, டீச் செலவு என்றோ இடைத்தரகர் மூலமோ, ரசீது தரப்படாத தொகை ஏதேனும் கொடுத்தீர்களா?’ என்ற கேள்வியை முன்னால் வைத்து, பொதுவான அபிப்பிராயத்தைப் பிறகு கேட்பதே சரி.

வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்று கேட்க வேண்டாம். அங்கே கிடைப்பவர்கள் பெரும்பாலும் வேலை முடியாதவர்களே. ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்கள், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், பஜார் பகுதி ஆகிய மூன்றிலும் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்து, இலை பறிப்பு முடிந்த மாலையில் செல்லலாம்.

கடினமானது, உண்மையை வரவழைப்பதுதான். ஊரில் எல்லோரும் உறவோ பழக்கமோ ஆனவர்கள். போதாததற்கு, 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, கட்டாயத்தால் கொடுத்து 7 நாள்களுக்குள் புகார் செய்தவர் தவிர, லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளியே. இதற்கு, சொல்லத் தயங்கும் விடைகளைப் பெற 1965-இல் ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த முறையின் எளிய வடிவம் கைகொடுக்கும். பதில் சொல்பவர் நமக்குக் காட்டாமல் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவாயினும் ‘ஆம்’ என்றும், பூ விழுந்தால் உள்ளபடியும் சொல்ல வேண்டும். 200 பேரில் 130 பேர் ‘ஆம்’ என்றால், ஏறத்தாழ 100 பேர் நாணயத்தால் சொன்னவர்கள். மீதி 100 பேரில் 30 பேர் கொடுத்தவர்கள், அதாவது 30 விழுக்காடு. ஆனால் இந்த எண்ணிக்கையில் உண்மையான விடை 17 முதல் 43 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம் என்பதால், 40 பேரை மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்வது வீண்.

ஊழியர்களை அலுவலகத்துக்கு வெளியே சந்திக்க வேண்டும். ‘பத்து மனுதாரர்களில் எத்தனை பேரிடம் பணம் கேட்கப்படுவதாக மக்கள் நினைக்கிறார்கள்?’ என்று அவர்களிடமும், ‘பத்து மனுதாரர்களில் எத்தனை பேரிடம் பணம் கேட்கப்படுகிறது?’ என்று மக்களிடமும் கேட்டு, இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், ஊழியர்கள் தங்கள் மீதான சந்தேகத்தை எவ்வளவு உணர்ந்திருக்கிறார்கள் என்பது தெரியவரும். மேலிடத்து நெருக்கடி, இடமாற்ற அச்சம் ஆகியவற்றையும் அவர்களிடம் மறவாமல் கேட்க வேண்டும். பதவியையும் பணிக்காலத்தையும் மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும், ஊரைக் குறிக்கவே கூடாது; கிராம நிர்வாக அலுவலர் ஊருக்கு ஒருவர்தான் என்பதால், பதவியோடு ஊரையும் எழுதுவது அவர் பெயரை எழுதுவதாகவே ஆகும். பத்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள அலுவலகங்களின் விடைகளை ஒன்றாகச் சேர்த்தே வெளியிட வேண்டும்.