நல்ல எவர்சில்வருக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வைக்கிற வீட்டில் அடியைப் பார்க்காமல் சட்டி வாங்கக் கூடாது. மெல்லிய எவர்சில்வரில் பாசிப்பருப்பு அடியில் தங்கிப் பிடித்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் முழுவதும் தீய்ந்த வாடை ஏறிவிடும். மறுவீட்டு விருந்தில் அந்த வாடையை எந்த இஞ்சித் துவையலாலும் மறைக்க முடியாது.

இதற்குக் காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. எவர்சில்வர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். அதனால்தான் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து அழுத்திச் செய்கிறார்கள். கடையில் ட்ரைபிளை என்று சொல்வது இதைத்தான். அடியில் மட்டும் அலுமினியம் ஒட்டிய வகையும் உண்டு. சாம்பாருக்கும் காய் வேகவைக்கவும் அது தாராளமாகப் போதும். பால், பாயசம், சொதி போன்றவற்றுக்குத்தான் பக்கச் சுவர் வரை சூடு சீராகப் பரவும் ட்ரைபிளை வேண்டும்.

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் பலர் செட் விலையில் மயங்கிவிடுகிறார்கள். பெட்டியில் பத்துப் பன்னிரண்டு உருப்படி இருக்கும். மூடிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். பாதி நேராகப் பரணுக்குப் போகும். அதே பணத்தில் வாய் அகன்ற சட்டி ஒன்று, பால் பாத்திரம் ஒன்று, கடாய் ஒன்று என நல்லதாக மூன்று வாங்குங்கள். தண்ணீர் நிரம்பினால் எவ்வளவு கனக்கும் என்பதையும் கடையிலேயே தூக்கிப் பாருங்கள். வீட்டில் ஆச்சி சமைப்பவர் என்றால் இருபுறமும் பிடியுள்ளதே நல்லது. புதுப் பாத்திரம் வருகிறதென்று தோசைக்கல்லையும், மீன் குழம்பு வைக்கும் காருகுறிச்சி மண்சட்டியையும், ரசத்துக்கான ஈயச் சொம்பையும் (வெள்ளீயத்தில் செய்தது) ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றின் வேலையை எவர்சில்வர் செய்யாது.

காந்தத்தை வைத்துத் தரம் பார்ப்பது இன்னொரு தவறு. ஒட்டாவிட்டால் உயர்ந்த ரகம் என்று நம்புகிறார்கள். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 ரகத்தில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202 ரகத்திலும் அப்படியே ஒட்டாது. மாறாக, இண்டக்‌ஷன் அடுப்புக்கான ட்ரைபிளையின் வெளித்தகடு 430 ரகமாக இருக்கும். அதில் காந்தம் பலமாக ஒட்டும், ஒட்டியே ஆக வேண்டும். எனவே உணவு படும் உள்தகடு எந்த ரகம் என்று எழுத்தில் கேளுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு அந்த முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024இல் ஆணையிட்டிருக்கிறது.

வாங்கிய பிறகு பாத்திரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உப்புதான். நம் பக்கம் கல் உப்புப் புழக்கம் அதிகம். பச்சைத் தண்ணீரில் அதைப் போட்டு அடுப்பில் வைத்தால், கல் கரையும்வரை அடியில் ஓரிடத்திலேயே கிடக்கும். அந்தச் சிறு வட்டத்தில் உப்புச் செறிவு ஏறி, எவர்சில்வரைக் காக்கும் குரோமியப் படலத்தை அரிக்கும். விளைவு, ஊசி குத்தியது போன்ற புள்ளிகள். தேய்த்தாலும் போகாது. தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கிளறிவிடுங்கள். புளிக்குழம்பை இரவு முழுவதும் அதிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

வதக்கும்போது ஒட்டுகிறதே என்று சலிப்பவர்கள் எண்ணெயைக் கூட்டுகிறார்கள். கூட்ட வேண்டியது பொறுமையை. வெறும் கடாயை நடுத்தரத் தீயில் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சீறி ஆவியானால் சூடு போதாது. முத்தாகத் திரண்டு உருண்டோடினால் எண்ணெய் ஊற்றலாம். அதன்பின் தீயைக் குறையுங்கள். கனத்த பாத்திரத்துக்குப் பெருந்தீ தேவையே இல்லை.

சொதியில் மட்டும் இந்தக் கனம் எதிராகத் திரும்பலாம். பழைய மெல்லிய சட்டியில் முதல் பால் ஊற்றி, நுரை கூடும்போது அடுப்பை அணைத்துப் பழகியிருப்போம். ட்ரைபிளை அணைத்த பின்னும் சூட்டை வைத்திருக்கும், பால் திரிந்துவிடும். காய் வெந்ததும் தீயை அணைத்து, கொதி அடங்கியபின் முதல் பாலைச் சேருங்கள். எலுமிச்சை இன்னும் ஆறியபிறகு.

கம்பி நாரும் செங்கல் தூளும் இனி வேண்டாம், தேங்காய் நார் போதும். அடிப்பிடித்தால் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் பற்று இளகிவிடும். போர் தண்ணீர் புழங்கும் ராதாபுரம் பக்கத்து வீடுகளில் படியும் வெள்ளைத் திட்டும், அதிகச் சூட்டில் தோன்றும் வானவில் நிறமும் எலுமிச்சை மூடியால் தேய்த்தால் மறையும். அவற்றால் உடம்புக்குக் கேடில்லை.