நினைவும் தொன்மமும்: நடுவர் தேர்வுக் கண்காட்சிக்குப் புகைப்படம் அனுப்பும் முறை

நினைவையும் தொன்மத்தையும் கருப்பொருளாகக் கொண்ட கண்காட்சிக்குப் படம் அனுப்ப விரும்புவோர், கேமராவைத் தொடும் முன், தாம் எடுத்துக்கொண்ட கதை இன்று யாருடைய நினைவில், எந்த இடத்தில் வாழ்கிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தொன்மத்தை மட்டும் காட்டும் படம் திருவிழாப் பதிவாக நின்றுவிடும். நினைவை மட்டும் காட்டும் படம் குடும்பத்துக்கு வெளியே இருப்பவருக்கு எட்டாமல் போகக்கூடும்.

சிங்கப்பூரில் நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு தீமிதி. திரௌபதியின் கதையைச் சார்ந்த இந்த வழிபாட்டில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள், 1827ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்து சென்று பூக்குழி இறங்குகிறார்கள். பூக்குழியைப் பலரும் படமெடுப்பதால், அதே கோணத்தில் இன்னொரு படம் நடுவரை நிறுத்தி வைப்பது கடினம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் காயும் மஞ்சள் துணி, முன்பு இறங்கியவர் இந்த ஆண்டு இறங்குபவருக்கு விரதமுறை சொல்லித்தரும் நேரம், முதியவர் கையிலுள்ள பழைய படம் ஆகியவற்றில்தான் கதை வீட்டுக்குள் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். அருள் வந்த நிலையில் இருப்பவரின் முகத்தை, அவர் தெளிந்தபின் இசைவு கேட்காமல், எந்தக் கண்காட்சிக்கும் அனுப்பக் கூடாது.

நம் கதைகளோடு நின்றுவிட வேண்டியதில்லை. வாள்மீன்களிடமிருந்து ஊரைக் காக்க வழி சொன்ன சிறுவன் கொல்லப்பட, அவன் குருதியால் குன்று சிவந்தது என்னும் மலாய்க் கதை, இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புக்கிட் மேராவின் (மலாயில் ‘செங்குன்று’) பெயரிலேயே இருக்கிறது. அங்கு நெடுங்காலம் வாழ்ந்தவர்களிடம் பேசிய பிறகு படமெடுப்பது நல்லது. தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் துணைபுரியும்.

தொகுப்பு அனுப்புவதானால், சிறந்த படங்களை எல்லாம் சேர்க்காமல், ஒன்றையடுத்து ஒன்று வரும்போது கதை நகரும் படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சிறிய அளவில் அச்சிட்டு மேசையில் பரப்பி, கதை தெரியாத ஒருவரைப் பார்க்கச் சொல்வது பயனுள்ளது. அவர் தயங்கும் இடத்தில் வரிசை தவறியிருக்கிறது. விளக்கக் குறிப்பு படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லாமல், இடம், கதை, அதனோடு உங்களுக்குள்ள உறவு ஆகியவற்றை மட்டும் சொல்ல வேண்டும்.

பெயர் மறைத்துத் தேர்வு நடக்குமானால், கோப்பின் பெயரிலும், படத்தோடு கோப்புக்குள் பதிந்திருக்கும் உட்தகவலிலும் (மெட்டாடேட்டா) உங்கள் பெயர் இல்லாதபடி நீக்கிவிடுங்கள். திரையில் பார்ப்பதற்கு திரைகளுக்கான பொதுவான வண்ண முறையான எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில் ஜேபெக் கோப்பு பெரும்பாலும் போதும்; ஏ3 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுடன் அச்சிட ஏறத்தாழ 4961க்கு 3508 பிக்சல் தேவைப்படும். பழைய ஸ்டூடியோ படத்தைச் சேர்ப்பதாயின், அதன் பதிப்புரிமை யாரிடம் உள்ளது என்பதை அறிந்து, எழுத்துமூல அனுமதியைப் படிவத்தை அனுப்பும் முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.