கையால் பின்னும் ஸ்வெட்டர் பேட்டர்னை எல்லா சைஸுக்கும் மாற்ற…

எல்லா எண்ணையும் ஒரே விகிதத்தில் பெருக்காதீர்கள். முதல் தப்பு அங்கேதான். மார்புச் சுற்றளவு 10 செ.மீ. கூடினால் முதுகின் தோள் அகலம் 2 செ.மீ. போலத்தான் கூடும். விகிதப்படி போட்டால் பெரிய சைஸில் தோள் கைமேல் சரிந்து தொங்கும். மிச்சக் கண்ணிகளை (ஊசியிலுள்ள நூல் வளையங்களை) ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் திறப்பு) அடியிலேயே மூடிக் குறைத்துவிட வேண்டும்.

மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளவெடுங்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். மார்பு 86, 96, 106 செ.மீ.; தளர்வு (உடம்பளவுக்கு மேல் விடும் கூடுதல்) 8. முன்பக்கத்துக்குப் பாதி: 47, 52, 57. 2.2-ஆல் பெருக்கினால் 103.4, 114.4, 125.4.

டிசைன் 6 கண்ணிக்கு ஒருமுறை திரும்பி, கடைசியில் 2 கண்ணி வேண்டுமென்றால் 104, 110, 122 பொருந்தும். பெரிய இரண்டு சைஸில் அடுத்த முழு டிசைனுக்கு (116, 128) தாவினால் ஸ்வெட்டர் தொளதொளவென்று ஆகும். பின்பக்கமும் சேர்ந்து இரட்டிப்பாகுமே! அதனால் அந்த இரண்டு சைஸிலும் டிசைனின் இடமும் வலமும் 2 சாதாரணக் கண்ணி: 114, 126. இணைத்துத் தைக்க, எல்லா சைஸிலும் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி தனி.

ஆர்ம்ஹோல் ஆழத்துக்கு வரிசைக் கணக்கு வேறு. 10 செ.மீ.க்கு 28 வரிசை என்றால், சைஸுக்கு 4 வரிசை கூட்டினால் சுமார் 1.4 செ.மீ. கிடைக்கும். இரட்டைப்படையிலேயே கூட்டுங்கள், இல்லாவிட்டால் தோள் குறைப்பு தப்பான பக்கத்தில் வந்து நிற்கும்.