பெயின்ட் அடித்த மாடல் பாகங்களை ஒட்டும்போது

விமானம் போன்றவற்றின் சின்ன பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டும் சிமென்ட் வெறும் பசை இல்லை. மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினையே கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். நடுவில் பெயின்ட் இருந்தால் பெயின்ட்தான் குழையும், பிடிப்பு வராது. அதனால் ஒட்டுகிற விளிம்பை மட்டும் பிளேடால் சுரண்டிவிடுங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் இந்த வேலையே இல்லை. மாடல் விமானத்தின் கண்ணாடி போன்ற மூடிக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். வீட்டில் இருக்கும் ஃபெவிகாலே போதும். வழிந்ததை ஈரத்துணியால் துடைக்கலாம்.

அப்புறம் பெயின்ட்டுக்கு மேல் பூசும் வார்னிஷ். மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றெல்லாம் ஈரம். மழை கொட்டும் நாளில் லாக்கர் (lacquer) வகை வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு பால்போல் வெளுத்துப்போகும். அவசரமென்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசுங்கள். வாடைக்காக வீட்டில் திட்டும் விழாது.