ஓசூர் பக்கத்துக் குளிருக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி?

ஓசூருக்கு வேலைக்கு வந்து முதல் மார்கழியைப் பார்க்கிறவர்கள் நேராகக் கடைக்குப் போய் ஹீட்டர் வாங்கிவிடுகிறார்கள். அது கடைசி வேலை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி எல்லாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேட்டுநிலம். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறக்குறைய அதில் பாதி உயரம்தான்; அங்கே ஒரு போர்வையோடு போகிற குளிர் இங்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் காய்வதற்குள் மார்கழி வந்துவிடுகிறது. ஈரச் சுவர் வீட்டுச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். புரட்டாசியிலேயே தொடங்கிவிட்டால் நல்லது.

படி 1: கூரை

மாடி வீடு என்றால் மொட்டை மாடியைக் கூட்டி, மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுங்கள். வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் இதை மாதம் ஒரு தடவையாவது செய்ய வேண்டியிருக்கும். பிறகு நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பின் விரிசலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி தட்டி, கிராக் ஃபில்லர் வைத்து அடையுங்கள். மேலே வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட்: முதலாவது நீளவாக்கில், இரண்டாவது குறுக்குவாக்கில். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான்.

ஓட்டு வீட்டுக்கு இன்னும் சுலபமான சோதனை உண்டு. நல்ல வெயில் நேரத்தில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் ஊசி முனையாகத் தெரிகிற இடமெல்லாம் மழை இறங்கும் வழி. உடைந்த ஓட்டை மாற்ற, பழக்கமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள். பாசி பிடித்த ஓட்டில் புதிதாக ஏறிப் பழகாதீர்கள். சிமெண்ட் ஷீட் மேலும் கால் வைக்கவே கூடாது.

தகர ஷீட் வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கும். மழை விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் விடியற்காலையில் சொட்டும். ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வாங்கி ஓடாதீர்கள். இரவில் சில்லென்று ஆகிவிட்ட தகரத்தின் அடியில் நம் மூச்சும் சமையல் ஆவியும் படிந்து சொட்டுகிற தண்ணீர் அது. மேலே காற்று போகிற இடைவெளியைத் திறந்து வைத்தால் குறையும்.

படி 2: சுவர்

ஈரம் வெளியிலிருந்து வருகிறதா, உள்ளேயே உண்டாகிறதா என்று தெரியாமல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. ஒரு முழம் அளவுக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் சுவருக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. கூரையையும் வெளிச்சுவரையும் குழாயையும் பார்க்க வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

கறுப்புப் பூஞ்சை இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். அதனுடன் ஆசிட்டையோ பாத்ரூம் கிளீனரையோ கலக்காதீர்கள், விஷவாயு வரும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

படி 3: கதவு, ஜன்னல்

மழையில் உப்பிய கதவை அவசரப்பட்டு இழைக்காதீர்கள். வெயில் வந்ததும் அதுவே சுருங்கும். இழைத்துவிட்டால் இடுக்குதான் மிச்சம். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்தாலே காற்று நிற்கும். வாடகை வீட்டுக்கு அது போதும். வெயில் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து, பொழுது சாய்வதற்குள் சாத்துங்கள்.

படி 4: சுடுதண்ணீர்

போர்த் தண்ணீர் என்றால் கீசர் காயிலில் உப்புப் படிந்து சூடேற நேரம் ஆகும். குளிருக்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாளியில் போடும் ராடு என்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். சோலார் இருந்தால் குழாய்களின் மேல் படிந்த தூசியைத் துடைத்தால் போதும்.

படி 5: நெருப்பும் ஹீட்டரும்

கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ சாத்திய அறைக்குள் வைத்துப் படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு. அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குளிர்ந்தால் ஹீட்டர் வாங்குங்கள். 2000 வாட் ஹீட்டரை 16 ஆம்பியர் பாயின்ட்டில் மட்டும் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல. படுக்கைத் துணியிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். தூங்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள்.